கோடாக் உதாரணத்தை ஒரே ஸ்லைடில் முடியுங்கள்

வணக்கம். வாட்டர் ப்யூரிஃபையர் கம்பெனி மீட்டிங்கில் கேமரா, ஃபிலிம் கம்பெனியான கோடாக்கின் கதையை ஆறு ஸ்லைடில் சொன்னீர்கள், “நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று இயக்குநர்கள் கேட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் ‘டிஜிட்டலைக் கண்டுகொள்ளாமல் அழிந்தார்கள்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது சரியில்லை. 1975-இலேயே டிஜிட்டல் கேமரா ஒன்றைச் செய்து பார்த்தவர் கோடாக்கின் பொறியாளர். 2005-இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் அவர்களுக்குத்தான் முதலிடம். ஆனால் லாபம் கேமராவில் இல்லை. திரும்பத் திரும்ப வாங்கும் ஃபிலிம் ரோலில், பிரிண்டில் இருந்தது. எல்லாரும் டிஜிட்டலுக்கு மாறியதும் அந்த லாபம் வற்றியது, 2012-இல் திவால் மனு போட்டார்கள்.

இவ்வளவு போதும். அப்புறம் நேராக உங்கள் கணக்குக்கு வாருங்கள்: வருமானம் மெஷினிலா, வருடா வருடம் மாற்றும் ஃபில்டரிலா? உங்கள் சொந்த எண்களை அடுத்த ஸ்லைடிலேயே வையுங்கள்.