மேலே பாருங்க

அன்புள்ள சார்,

ஒரு கூட்டத்தில் நீங்கள் ‘ஹெரிடிட்டரி’ படத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, போன சனிக்கிழமை இரவு வீட்டில் போட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஒரு பாட்டி செத்துப்போயிருக்கிறாள். பிறகு ஒரு சின்னப் பெண் கோரமான விபத்தில் சாகிறாள். அது பதறவைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அது விபத்துதானே? பேய் எங்கே? அப்புறம் ஆளாளுக்கு முறைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். ராத்திரியில் அந்தப் பையன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறான், ஒன்றுமே நடக்கவில்லை. பத்துப் பத்து செகண்டாக ஓட்டிவிட்டேன். என் மனைவி மட்டும் ‘மேலே பாருங்க’ என்று கையைப் பிடித்தாள். அதற்குள் பட்டனை அழுத்திவிட்டேன். அன்றிலிருந்து நடுராத்திரியில் தண்ணீர் குடிக்கப் போவதென்றாலும் என்னை எழுப்பிவிட்டுத்தான் போகிறாள்.

நம் பேய்ப்படங்களில் கதவு படாரென்று அடித்தாலே நான் சீட்டிலிருந்து எழும்பிவிடுவேன். அது மட்டமான ரசனையா? ஒன்றும் நடக்காமல் இழுத்துவிட்டு ‘ஸ்லோ பர்ன்’ என்று பெயர் வைத்தால் கலையாகிவிடுமா?

அன்புடன்,
ஆர்., திருச்சி

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனைவி பார்த்தது சரி. அங்கே ஆள் இருந்தது.

(படம் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். இனிமேல் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறேன்.)

பீட்டர் என்ற அந்தப் பையன் இருட்டில் கண்விழிக்கிறான். அறை பெரிதாகத் தெரிகிற மாதிரி தள்ளி வைத்து எடுத்த ஷாட். கட்டிலும் அவனும் மங்கலாகத் தெரிகிறார்கள். சுவரும் கூரையும் சேருகிற மேல்மூலையில் அவன் அம்மா பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கேமரா அவளிடம் போவதில்லை. திடுமென்று இசை எழுந்து ‘அதோ’ என்று காட்டுவதும் இல்லை. அந்தப் பையனுக்கே தெரியாது. நம் கண் இருட்டுக்குப் பழகப் பழக, நிழல் என்று நினைத்திருந்தது கையும் காலுமாக ஆகிறது. ஒரே தியேட்டரில் ஒருவர் முதலிலேயே பார்த்துவிடுவார், பக்கத்து சீட்டுக்காரர் அவள் நகரும்போதுதான் பார்ப்பார். நீங்கள் ஓட்டிவிட்டீர்கள். டியூப்லைட்டை அணைக்காமல் பார்த்தீர்களோ என்றும் ஒரு சந்தேகம். இந்த மாதிரி காட்சியில் டிவி திரையில் நம் வீட்டு ஜன்னலும் நம் தலையும்தான் தெரியும்.

கதவு படாரென்று அடிக்கும்போது எழும்புவதில் ரசனைக்கு வேலையே இல்லை. கைக்குழந்தைக்கும் அந்தச் சத்தத்தில் உடம்பு தூக்கிப்போடும். காது வேலை செய்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். நானும் எழும்புவேன். ஆனால் அந்தப் பயம் சத்தத்தோடு வந்து சத்தத்தோடு போய்விடுகிறது. இடைவேளையில் பாப்கார்ன் வாங்கும்போது அதைப் பற்றிச் சிரிக்க முடிகிறது. மூலையில் இருந்தவளை உங்கள் மனைவிக்கு யாரும் காட்டவில்லை. அவரே கண்டுபிடித்தார். ஒருமுறை அப்படிக் கண்டுபிடித்துவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு காட்சியிலும், வெறும் சமையலறைதான் என்றாலும், கண் தானாக மூலைகளுக்குப் போகும். படம் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் இரண்டு நாள் நிற்காது. தண்ணீர் குடிக்க உங்களை எழுப்புவது அதனால்தான். இழுக்கிறார்கள் என்கிறீர்களே, அந்த நேரம் நம்மைத் தேடவிடுவதற்குத்தான்.

இப்போது விபத்துக்கு வருகிறேன். ‘அது விபத்துதானே, பேய் எங்கே’ என்கிறீர்கள். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பேன்.

பீட்டர் ஒரு பார்ட்டிக்குப் போகிறான். அம்மாவின் வற்புறுத்தலால் தங்கை சார்லியையும் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. அவளுக்குக் கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாது. அங்கே கேக் சாப்பிட்டு மூச்சுத் திணறுகிறது. அவளைக் காரில் போட்டுக்கொண்டு பறக்கிறான். காற்றுக்காக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறாள். சாலையில் செத்துக் கிடக்கும் விலங்கைத் தவிர்க்க வண்டியை ஒடிக்கிறான், ஓரத்தில் ஒரு கம்பம். இது வரைக்கும் எல்லா இயக்குநரும் எடுத்துவிடுவார்கள். ஆரி ஆஸ்டருக்கு இது முதல் முழுநீளப் படம், 2018இல் வந்தது. அவர் செய்தது இதற்கு அடுத்தது. வண்டி நிற்கிறது. கேமரா பீட்டரின் முகத்திலேயே நிற்கிறது. அவன் அலறவில்லை, பின்னால் திரும்பவில்லை. பார்வை காரின் பின்புறக் கண்ணாடிப் பக்கம் போகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. பிறகு மெதுவாக வண்டியை எடுத்து வீட்டுக்குப் போய், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் படுக்கையில் படுத்துவிடுகிறான்.

விடிகிறது. அவன் முகம்தான் திரையில். கண் மூடவே இல்லை. அம்மா வெளியே கிளம்பும் சத்தம் கேட்கிறது. அவள் காரை நோக்கித்தான் போகிறாள் என்பது நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். எழுந்து போய்த் தடுக்கலாம். தடுக்கவில்லை. பிறகு அந்த அலறல்.

சுடுகாட்டிலிருந்து வரும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். ஏன் என்று யாரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை, ஆனால் பிடரியில் ஒரு பாரம் இருக்கும். பீட்டரின் பிடரியைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பேய் இல்லாமலே இந்த வீடு இனி வாழ முடியாத வீடு. நீங்கள் சொன்ன ‘முறைத்துக்கொண்டு சாப்பிடும்’ காட்சி அதனால்தான் அவ்வளவு நீளம். மேஜையில் இருக்கும் மூன்று பேருக்கும் ஒரே விஷயம்தான் மனதில். யார் முதலில் வாயைத் திறப்பது என்று காத்திருக்கிறார்கள். அம்மாவாக நடித்த டோனி கோலெட் கடைசியில் வெடிக்கும்போது, ‘ஐயோ, பேசிவிட்டாளே’ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. பேய் வந்தபோதுகூட அப்படி இல்லை.

நல்ல நிதானமான திகில் படங்களை இப்படித்தான் சோதித்துப் பார்ப்பேன். பேயைக் கழித்துவிட்டால் அந்த வீட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா? உமிக்குள் வைத்த நெருப்பு மாதிரி, மேலே ஒன்றும் தெரியாது, கையை வைத்தால் பொசுக்கிவிடும். ஆனால் உமி வேண்டுமே. சமீபத்தில் வரும் படங்கள் பலவற்றில் உமி இல்லை. நீளமான நடைபாதை, சாம்பல் நிற வெளிச்சம், அடிவயிற்றில் உறுமும் ஒரு ஒலி, குழந்தையைப் பறிகொடுத்த தம்பதி, கடைசிப் பத்து நிமிடத்தில் முகமூடி போட்ட ஒரு கூட்டம். கேட்டால் ‘பேய் என்பது உண்மையில் துக்கம்’ என்பார்கள். பேய் வெறும் துக்கத்துக்குக் குறியீடு என்றால் எனக்கு என்ன பயம்? துக்கத்தை எனக்குத் தெரியும், அதோடு பல வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். பேய் பேயாகவும் இருக்க வேண்டும். உங்கள் எரிச்சலில் பாதி இந்த வகைப் படங்கள் மேல் என்றால் நான் உங்கள் கட்சி.

‘ஹெரிடிட்டரி’யில் பேய் பேயாகவே இருக்கிறது, ஆனால் நம் மூக்குக்குக் கீழேயே ஒளிந்திருக்கிறது. தங்கையைக் கொன்ற அந்தக் கம்பத்தை, பார்ட்டிக்குப் போகும் வழியிலேயே காட்டிவிடுகிறார்கள். அதில் ஒரு குறி பொறித்திருக்கும். அதே குறி செத்துப்போன பாட்டியின் கழுத்துச் சங்கிலியில் தொங்கும். அப்படியானால் அது விபத்தா? பள்ளியில் பீட்டரின் வகுப்பில் கிரேக்கத் துன்பியல் நாடகம் பற்றிப் பேச்சு வருகிறது. தப்பிக்க வழியே இல்லாதவனின் கதை கூடுதல் சோகமா, குறைவான சோகமா என்று விவாதிக்கிறார்கள். அவன் காதில் விழவில்லை. அம்மாவின் தொழிலோ குட்டிக் குட்டி வீடுகளைச் செய்வது. படமே அப்படி ஒரு பொம்மை வீட்டுக்குள் கேமரா மெல்லப் புகுவதில்தான் தொடங்குகிறது. உள்ளே போகப்போக பொம்மை அறை நிஜ அறையாகிவிடுகிறது, அப்பா வந்து மகனை எழுப்புகிறார். அந்த வீட்டின் உட்புறத்தை ஸ்டுடியோவில் செட்டாகக் கட்டி, சுவர்களைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்திருக்கிறார்கள். அதனால்தான் கேமராவை எட்ட வைத்து, ஆட்களைப் பொம்மைகளாகக் காட்ட முடிகிறது. நாம் ஊழ் என்று சொல்வதை இவர்கள் தச்சு வேலையில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சத்தம் பற்றியும் ஒன்று. சார்லிக்கு நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘டொக்’ என்று ஒலியெழுப்பும் பழக்கம், மாடு ஓட்டுகிறவர்கள் செய்வார்களே, அது மாதிரி. அவள் உயிரோடு இருக்கும்போது அது வெறும் குழந்தைப் பழக்கம். அவள் போன பிறகு ஒரு ராத்திரி அதே ‘டொக்’. கதவு அடிப்பதில் நூறில் ஒரு பங்கு சத்தம்கூட இருக்காது. ஆனால் அந்த ஒலியை நமக்குப் பழக்கப்படுத்த அரை மணி நேரம் செலவழித்திருக்கிறார்கள். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று நீங்கள் சொன்ன அந்த அரை மணி நேரத்தில் இதுவும் சேர்த்தி.

இந்த வித்தையில் ஆஸ்டருக்கு மூத்தவர் ஜப்பானிய இயக்குநர் கியோஷி குரோசாவா (பெரிய இயக்குநர் அகிரா குரோசாவாவுக்கு உறவில்லை). 1997இல் வந்த அவருடைய ‘க்யூர்’ படத்தில் பேயே கிடையாது. ஞாபகம் அழிந்த மாதிரி திரியும் ஓர் இளைஞன் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ‘நீ யார்?’ என்று கேட்கிறான். அவனிடம் பேசியவர்கள், ஆசிரியர், போலீஸ்காரர், டாக்டர் என்று சாதாரண ஆட்கள், பக்கத்தில் இருப்பவரைக் கொன்றுவிடுகிறார்கள். காவல் சாவடியில் ஒரு போலீஸ்காரர் கூட வேலை செய்பவரைச் சுடும் காட்சியைப் பாருங்கள். தூரத்து ஷாட். குளோசப் இல்லை, இசை இல்லை. குப்பையைக் கூட்டிப் போடுகிற மாதிரி சுட்டுவிடுகிறார். நமக்கு உறைப்பதற்கே ஒரு கணம் ஆகிறது. துப்பறியும் அதிகாரி வீட்டுக்குப் போனால், மனநலம் குன்றிய மனைவி துணி இயந்திரத்தை உள்ளே ஒன்றுமே போடாமல் ஓடவிட்டிருக்கிறாள். அவர் போய் அணைக்கிறார். இன்னொரு நாள் மறுபடியும் ஓடுகிறது. வெறும் தொட்டி சுற்றும் அந்த ஓசைதான், வேறொன்றுமில்லை. அந்தப் படம் பார்த்துவிட்டு எங்கள் வீட்டு வாஷிங் மெஷினை நான் கொஞ்ச நாள் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இளைஞன் சிலரை மயக்குவது லைட்டர் சுடரால். இங்கே தியேட்டரில் போட்டால், அவன் சிகரெட்டை எடுத்ததுமே ஓரத்தில் புகையிலை எச்சரிக்கை வந்து நம்மை மயக்கத்திலிருந்து காப்பாற்றிவிடும்.

அதே குரோசாவாவின் ‘கைரோ’வில் (2001) ஒரு பெண் பேய் அறையின் கோடியிலிருந்து மெல்ல நடந்து வருகிறது. பாதியில் கால் இடறுகிறது. விழப்போய் சமாளித்து மறுபடி நடக்கிறது. அவ்வளவுதான் காட்சி. பாய்ந்து வந்திருந்தால் எனக்கு மறந்துபோயிருக்கும். கால் இடறுகிறதென்றால் அதற்கு எடை இருக்கிறது, அது நிற்கும் தரையும் நான் நிற்கும் தரையும் ஒன்றுதான்.

சரி, ‘ஹெரிடிட்டரி’ குறையில்லாத படமா? இல்லை. கடைசியில் ஒரு பெண் நின்று யார் எந்தப் பேய், எதற்காக இத்தனையும் என்று ஒப்பிக்கிறாள். இரண்டு மணி நேரம் நம்மைத் தேடவிட்டுவிட்டு விடைத்தாளைக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. உங்களைப் போல ஏமாந்தவர்களும் ஏராளம். அமெரிக்காவில் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் கணக்கில் இதற்குக் கிடைத்தது டி ப்ளஸ். விமர்சகர்கள் கொண்டாடிய அதே வாரத்தில். கதவு அடிக்கும் என்று நம்பிப் போனவர்கள் சாப்பாட்டு மேஜையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

முழுப் படத்தையும் மறுபடி பாருங்கள் என்று சொல்லமாட்டேன். அந்தப் படுக்கையறைக் காட்சியை மட்டும், விளக்கை அணைத்துவிட்டு, ரிமோட்டை எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் பாருங்கள். உங்கள் மனைவியையும் கூப்பிடுங்கள். வருவாரா என்பது வேறு விஷயம். வந்தால், அன்றைக்கு அவர் அவளை எப்போது பார்த்தார் என்று கேட்டுச் சொல்லுங்கள். நான் முதல்முறை பார்த்தபோது, அவள் நகர்ந்த பிறகுதான் பார்த்தேன்.