சாயாமல் நின்ற ஒரே ஒரு தூர்: புது ரகம் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, ஒரு ஏக்கரில் கிச்சிலிச் சம்பா நட்டிருந்தேன். மார்கழி மழையில் வயல் முழுக்கச் சாய்ந்துவிட்டது. நடுவில் ஒரே ஒரு தூர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. மற்றதைவிட ஒரு சாண் குட்டை. நெல்மணி அதே மாதிரிதான் தெரிகிறது. இதிலிருந்து சாயாத ரகம் எடுக்க முடியுமா?
– ஒரு விவசாயி, திருவாரூர் மாவட்டம்

பதில்: முயன்று பார்க்க வேண்டிய தூர்தான், விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே பக்கத்தில் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டிவிடுங்கள். அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டால் அப்புறம் தேடிக் கிடைக்காது. கிச்சிலிச் சம்பா என்ற பெயரில் பரவிய ஜி.இ.பி. 24 நெல்லே கோணாமணி என்ற நெல் ரகத்தின் வயலில் தானாக மாறித் தோன்றிய செடியிலிருந்து எடுத்து, 1921-ல் கோவையில் வெளியிட்டதுதான். மகாராஷ்டிராவில் தாதாஜி கோப்ரகடே என்ற சிறு விவசாயி, 1983-ல் தன் வயலில் நிறம் மாறியிருந்த மூன்று கதிர்களைத் தனியாக எடுத்துப் பெருக்கித்தான் எச்.எம்.டி. நெல்லைக் கொண்டுவந்தார்.

ஆனால் ஏன் சாயவில்லை என்பதை முதலில் பாருங்கள். ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பாருங்கள். மற்ற தூர்களில் மணி முற்றியிருக்க, இதில் இன்னும் பால் இருந்தால், மழை வந்தபோது கதிரில் எடையே இருந்திருக்காது. அதனால் நின்றிருக்கலாம். சுற்றிலும் நாற்று செத்து இடைவெளி விழுந்திருந்தாலும் தண்டு தடித்து நிற்கும். மண்ணும் இடமும் கொடுத்த இந்தக் குணம் விதை வழியே இறங்காது. டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோகான்சன் இதை 1903-லேயே பீன்ஸில் காட்டினார். ஒரே செடியின் வழிவந்த விதைகளில் பெரியதையும் சிறியதையும் தனித்தனியே விதைத்தார். இரண்டின் விளைச்சலிலும் சராசரி மணி எடை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது.

ஆகவே செடியைப் பார்த்து முடிவு செய்யாமல் அதன் பிள்ளைகளைப் பாருங்கள். அந்தத் தூரை மட்டும் கையால் அறுத்து, கையாலேயே உதிர்த்து, அடுத்த சம்பா பருவத்தில் ஒற்றை நாற்றாக இருநூறு குத்து நடுங்கள். பக்கத்திலேயே பழைய கிச்சிலியையும் அதே நாளில், அதே இடைவெளியில், அதே உரத்தோடு நட வேண்டும். இது இல்லாவிட்டால் ஒப்பிட வழியில்லை.

எல்லாம் பழையபடி உயரமாக வந்தால், அது இடத்தின் வேலை, விட்டுவிடலாம். எல்லாம் ஒரே மாதிரி குட்டையாக வந்தால் குணம் நிலைத்துவிட்டது. ஒருவேளை வேறு ரக விதை கலந்து வந்ததாகவும் இருக்கலாம், எனவே மணியையும் சோற்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குட்டையும் நெட்டையுமாகக் கலந்து வந்தால், எப்போதோ அயல் மகரந்தம் சேர்ந்திருக்கிறது. நெற்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்கும் என்றாலும் அபூர்வமாக இப்படி நடக்கும். அப்படியானால் நல்ல செடிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றின் விதையையும் தனி வரிசையாக நடுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதியாகக் குறையும். நிலைத்த குணத்துக்கு ஐந்தாறு சம்பா ஆகும்; பொறுமை வேண்டும்.

நிலைத்த ரகம் கையில் வந்தால், 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின்படி உழவர் ரகமாக உங்கள் பெயரிலேயே பதியலாம்.

எல்லா விதையையும் ஒரே வருடத்தில் விதைத்துவிடாதீர்கள். பாதியை நன்றாகக் காயவைத்து, இறுக மூடிய டப்பாவில், தேதியும் வயலின் பெயரும் எழுதி வையுங்கள். நாற்றங்காலில் எலி புகுந்தால் அந்த டப்பாதான் மிச்சம்.