பழைய கீபோர்டில் கீ மூடியின் அடித்தண்டு விரிந்து மூடி கழன்று வருகிறது; ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா?

பசை மட்டும் போட்டால் நிற்காது. தண்டைச் சுற்றிக் கட்டுப் போட வேண்டும்.

தர்மபுரியில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். என் மேசையில் இருப்பது நீல நிற செர்ரி சுவிட்சு (ஒவ்வொரு கீ மூடிக்கும் அடியில் இருக்கும் தனி அழுத்துபொத்தான்) கொண்ட கீபோர்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004-க்கு முன்பே வாங்கியது. நாள் முழுக்கப் பத்திரம் அடித்தாலும் விரல் சலிக்காது என்பதால் அதைக் கைவிட மனமில்லை. மூடிகளை நானே பழுது பார்த்துக்கொள்கிறேன்.

உடைந்த மூடியைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் உருண்டையான தண்டு, அதற்குள் கூட்டல் குறி வடிவப் பள்ளம். அந்தக் குறியின் ஒரு முனையிலிருந்து தண்டின் வெளிப்பக்கம் வரை வெளுத்த மயிரிழைக் கோடு ஓடும். அதுதான் விரிசல். சுவிட்சிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கூட்டல் குறி வடிவ முனை சுமார் 4 மில்லிமீட்டர் அகலம். அது பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்து, தட்டாத நேரத்திலும் தண்டை வெளியே நெம்பிக்கொண்டே இருக்கிறது. ஒட்டிய இடம் மறுபடி பிளப்பது இதனால்தான்.

முதலில் பிளாஸ்டிக் எது என்று தெரிய வேண்டும். உப்பு கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குப் போட்டுக் கலக்கிய தண்ணீரில் மூடியைப் போட்டு, உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் அசைத்துவிடுங்கள். மிதந்தால் ஏபிஎஸ், மூழ்கினால் பெரும்பாலும் பிபிடி.

ஏபிஎஸ் என்றால் வேலை எளிது, அது அசிட்டோன் என்ற கரைப்பான் திரவத்தில் கரையும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் உடைந்த கீபோர்டின் ஏபிஎஸ் மூடியைச் சிறு துண்டுகளாக்கி, கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் ஊற்றி ஊறவிட்டால் பாகு பதத்துக்கு வரும். அதை ஊசி முனையால் விரிசலில் மட்டும் தடவுங்கள். பிளாஸ்டிக்கே கரைந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். மூடியின் மேல்புறத்தில் பட்டால் எழுத்து அழியும், மெருகும் போகும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிப்பது. ஊதுபத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். பிபிடியை அசிட்டோன் கரைக்காது, அதற்குக் கட்டு ஒன்றே வழி.

கட்டுக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் மீந்த மெல்லிய செம்புக் கம்பி போதும். போர்வெல் மோட்டார் ஓடும் நம் ஊரில் அந்தக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. "அண்ணா, ஒரு முழம் துண்டுக் கம்பி" என்று கேட்டால் காசு வாங்காமல் கொடுப்பார்கள். தண்டில் நான்கைந்து சுற்று நெருக்கமாகச் சுற்றி, முனையை முறுக்கி, மேலே அரால்டைட் பசையால் ஒரு பொட்டு வையுங்கள். விரிசல் மூடும் அளவு இறுக்கம் போதும். சுற்று தடித்தால் கீயை அழுத்தும்போது சுவிட்சின் மேல்விளிம்பில் இடிக்கும். பள்ளத்துக்குள் பசை இறங்கவே கூடாது.

மூடியைச் சுவிட்சில் வைத்தபடி எந்தப் பசையையும் விடாதீர்கள். வழிந்து உள்ளே போனால் சுவிட்சே போய்விடும். ஃபெவிக்விக் ஆவியும் கறுப்பு மூடியில் வெள்ளையாகப் படியும்.

ஒரு இரவு காய்ந்த பிறகு மாட்டுங்கள். அடுத்த முறை கழற்றும்போது ஸ்குரூ டிரைவரால் ஒரு பக்கமாக நெம்பாமல், இரண்டு கம்பி வளையத்தை மூடியின் எதிரெதிர் மூலைகளில் மாட்டி நேராக மேலே இழுங்கள். தண்டு முழுதாகவே போயிருந்தால் அதே வரிசையின் மூடியைத்தான் தேட வேண்டும். வரிசைக்கு வரிசை சரிவு வேறு.