விடை முதலில், கேள்வி பின்னால்

கே: ஜானி கார்சனின் பழைய டாக் ஷோ காட்சிகளை யூடியூபில் பார்த்தேன். ஒரே காமெடியை வருஷக்கணக்கில் செய்திருக்கிறாரே, பார்த்தவர்களுக்கு அலுக்கவில்லையா? (வாசகி, தஞ்சாவூர்)

அலுக்கவே இல்லை. 1962 முதல் 1992 வரை அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் 'டுநைட் ஷோ' நடத்திய கார்சனின் 'கார்னாக்' வேஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தலைப்பாகை, தோளில் மேலங்கி, எல்லாம் அறிந்த கீழைநாட்டு ஜோசியராம் (அந்த வேஷம் இன்று என்னை உறுத்தத்தான் செய்கிறது). வந்ததும் மேஜைக்கு ஏறும் படியில் தடுக்குவார். தடுக்குவார் என்று எல்லோருக்கும் தெரியும், இன்று எப்படி என்பதுதான் தெரியாது. ஒருமுறை லேசான பால்சா மரத்தில் மேஜை செய்து வைத்திருந்தார்கள், மனிதர் விழுந்ததும் அது அப்பளமாக நொறுங்கியது.

அப்புறம் நிகழ்ச்சியின் அறிவிப்பாளர் எட் மக்மஹோன், ஒட்டிய இந்த உறைகள் மத்தியானத்திலிருந்து ஒரு மயோனைஸ் ஜாடியில் திண்ணையில் இருந்தவை என்று படு சீரியஸாக அறிவிப்பார். கார்சன் உறையை நெற்றியில் வைத்து விடையைச் சொல்வார், எட் அதைத் திருப்பிச் சொல்வார், பிறகு கார்சன் ஓரத்தைக் கிழித்து, உள்ளே ஊதி, கேள்வியைப் படிப்பார். ஒரு விடை 'சிஸ் பூம் பா'. அது அமெரிக்கக் கல்லூரி மைதானங்களில் போடும் கோஷம். உறைக்குள் இருந்ததோ, செம்மறியாடு வெடித்தால் என்ன சத்தம் வரும் என்பது! அங்கே ஆடு 'பா' என்றுதான் கத்தும். எட் சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனார்.

ஜோக் எடுபடாவிட்டால் கார்சன் பார்வையாளர்களுக்குச் சாபம் விடுவார், 'இதுதான் கடைசி உறை' என்று எட் சொன்னால் அவர்கள் விட்டதே தொல்லை என்று கைதட்டுவார்கள். கூட்டத்துக்கும் அதில் ஒரு வேஷம் இருந்தது, அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்பேன்.

கே: இன்னொரு அமெரிக்க டாக் ஷோக்காரர் டேவிட் லெட்டர்மேனின் 'டாப் டென்' காமெடிப் பட்டியல் எப்படி? (வாசகர், மதுரை)

1985 செப்டம்பர் 18-இல் தொடங்கியது. முதல் பட்டியலே 'பீஸ்', அதாவது பட்டாணி என்ற சொல்லோடு கிட்டத்தட்ட இயைபு சேரும் பத்துச் சொற்கள்! பத்தில் தொடங்கி ஒன்றுக்கு இறங்கும்போது, அடுத்தது என்ன என்று காத்திருப்பதில் பாதிச் சிரிப்பு வந்துவிடும். 1993-இல் அவர் என்.பி.சி.யை விட்டு சி.பி.எஸ். சேனலுக்குப் போனபோது, இந்தப் பட்டியல் எங்கள் சொத்து என்றது என்.பி.சி. அவர் விடவில்லை. 2015 மே 20, கடைசி நிகழ்ச்சியில் பத்துப் பிரபலங்கள் ஆளுக்கு ஒன்றாகப் படித்தார்கள். முதலிடத்தைப் படித்தவர் நடிகர் பில் முர்ரே. 1982-இல் லெட்டர்மேனின் இரவு நிகழ்ச்சி தொடங்கிய அன்றும், 1993-இல் புது சேனலில் முதல் நாளன்றும் முதல் விருந்தினராக வந்து உட்கார்ந்தவர் அவர்தான்.