ஆன்டிஆக்சிடன்ட் மருந்துகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலை அளவுக்கு மீறிப் போட்டுக்கொண்ட என் அண்ணனுக்கு மருத்துவமனையில் அசிட்டைல்சிஸ்டீன் ஏற்றினார்கள். அது சளி மருந்துதானே?

பதில்: சளியை இளக்குவதும் அதே மருந்துதான். உங்கள் அண்ணனுக்குக் கொடுத்தது கல்லீரலுக்காக. பாரசிட்டமாலில் ஒரு சிறு பங்கைக் கல்லீரல் 'நாப்கி' என்ற நச்சாக மாற்றுகிறது. வழக்கமான அளவில், கல்லீரல் செல்களில் உள்ள குளூட்டாதயோன் என்ற ஆன்டிஆக்சிடன்ட் (செல்களைக் கெடுக்கும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) அந்த நச்சோடு சேர்ந்து அதை முடக்கிவிடும். மாத்திரை மிகும்போது குளூட்டாதயோன் தீர்ந்துபோகிறது. எஞ்சிய நச்சு புரதங்களில் ஒட்டிக்கொண்டு செல்களைக் கொல்கிறது. குளூட்டாதயோனையே கொடுத்தால் அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. அசிட்டைல்சிஸ்டீன் நுழையும்; அதிலிருந்து கிடைக்கும் சிஸ்டீனைக் கொண்டு கல்லீரல் புதிய குளூட்டாதயோனைத் தயாரித்துக்கொள்ளும். எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் கல்லீரல் தப்பிவிடும். முதல் நாளில் பலருக்கு அறிகுறியே தெரியாது. ஆகவே, 'நன்றாகத்தானே இருக்கிறார்' என்று வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது ஆபத்து.

ஆன்டிஆக்சிடன்ட் மருந்தாக வேலை செய்வதற்கு நான் முதலில் காட்டும் உதாரணம் இதுதான். எந்தப் பொருள், எந்த உறுப்பில், எப்போது குறைகிறது என்பது இங்கே தெளிவாகத் தெரியும். கடையில் விற்கும் 'எல்லாவற்றுக்கும் நல்லது' மாத்திரைகளில் அந்தத் தெளிவு இல்லை.

கேள்வி: சிகரெட்டை விட முடியவில்லை. பீட்டா கரோட்டின் (கேரட்டில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட்) மாத்திரை நுரையீரலைக் காக்குமா?

பதில்: தொடவே தொடாதீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் கூடியதால் 1996இல் பாதியிலேயே மாத்திரைகளை நிறுத்தினார்கள். புகை நிறைந்த நுரையீரலில் பீட்டா கரோட்டினே ஆக்சிஜனேற்றம் அடைந்து, கெடுதலான துண்டுகளாக உடைகிறது என்பது ஆய்வகங்கள் தரும் விளக்கம். கேரட் சாப்பிடத் தடையில்லை. சிகரெட் பழக்கத்தைக் கைவிட உதவும் மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

கேள்வி: வைட்டமின் சி 1000 மில்லிகிராம் தினமும் போடலாமா?

பதில்: நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டினால் ரத்தத்தில் அளவு பெரிதாக ஏறுவதில்லை, மிச்சம் சிறுநீரோடு போய்விடும். ஒரு கொய்யாப்பழத்திலேயே ஏறக்குறைய அந்த அளவு கிடைக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்த மாத்திரையைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: உடற்பயிற்சியால் ஃப்ரீ ராடிக்கல்கள் (செல்களைத் தாக்கக்கூடிய நிலையற்ற மூலக்கூறுகள்) பெருகுமாமே? அதற்கு முன்னெச்சரிக்கையாக சி, ஈ மாத்திரைகள் எடுக்கலாமா?

பதில்: பெருகும், பெருகட்டும். பயிற்சிக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும்படி தசைக்கு வரும் சமிக்ஞை அது. 2009இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், பயிற்சியோடு இந்த இரண்டையும் எடுத்தவர்களுக்கு இன்சுலின் செயல்திறன் கூடவே இல்லை. எடுக்காதவர்களுக்குக் கூடியது. வியர்வை சிந்தியதன் பலனை மாத்திரையால் அழித்துக்கொள்வானேன்?

கேள்வி: மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரை?

பதில்: தனியாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும். மிளகின் பைப்பரின் சேர்த்தால் கூடும். ஆனால் பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் கூட்டிவிடும். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதித்தவர்களும் உண்டு. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு விழித்திரையின் மையம் தேய்கிறதாம். கண் மருத்துவர் ஆன்டிஆக்சிடன்ட் எழுதியிருக்கிறார். வீண்தானா?

பதில்: வீண் இல்லை. நடுத்தர நிலையில் உள்ள இந்த நோய் முற்றும் அபாயத்தை, சி, ஈ, துத்தநாகம் சேர்ந்த கலவை ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ கால் பங்கு குறைத்தது. இழந்த பார்வையை அது மீட்டுத் தராது. நோய் இல்லாதவர்களுக்குத் தேவையும் இல்லை. அப்பா முன்பு புகைபிடித்தவர் என்றால், பழைய கலவையில் இருந்த பீட்டா கரோட்டினுக்குப் பதில் லூட்டீன், சியாசாந்தின் உள்ளதா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.