மானைக் குறை சொல்லாதீர்கள், ஆட்டின் கண்ணைப் பாருங்கள்

கேள்வி: தாளவாடிப் பக்கம் காட்டோரத்தில் 42 வெள்ளாடுகள் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு 6 ஆடுகளுக்குத் தாடைக்கு அடியில் பை மாதிரி வீங்கிவிட்டது. சாயந்திரம் பெரிதாக இருக்கிறது, காலையில் வற்றிவிடுகிறது. கழிச்சல் இல்லை. இரண்டு செத்துப்போயின. மாதாமாதம் தவறாமல் பூச்சி மருந்து ஊற்றுகிறேன். புள்ளிமான்கள் எங்கள் மேய்ச்சலுக்கு வந்து போகின்றன. மானிடமிருந்து வைரஸ் நோய் ஏதும் தொற்றியிருக்குமா? போன மாதம் சந்தையில் வாங்கிய 5 ஆடுகளும் பட்டியில்தான் நிற்கின்றன. கடைக்காரர் இன்னும் ஸ்ட்ராங்கான மருந்து தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் ஐயா. நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கு வைரஸைத் தேட வேண்டியதில்லை, மானையும் தேட வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வார்த்தை ‘மாதாமாதம் தவறாமல்’.

மழைக்குப் பின் கழிச்சல் இல்லாமல் தாடை வீங்கி, ஆடு தளர்ந்து விழுந்தால் என் முதல் சந்தேகம் ஹீமாங்கஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் உருளைப்புழு மேல்தான். நான்காம் வயிற்றில் ஒட்டியிருக்கும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம். ஒரு புழு நாளுக்கு 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். அற்பமாகத் தெரிகிறதா? ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. 20 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த இரத்தமே ஒன்றேகால், ஒன்றரை லிட்டர்தான். இரத்தத்தில் புரதம் குறைவதால் நீர் கீழே இறங்குகிறது. நாள் முழுக்கத் தலை குனிந்து மேய்வதால் சாயந்திரம் வீங்குகிறது, இரவில் வடிகிறது. ஈரல் தட்டைப்புழுவாலும் இதே வீக்கம் வரும். அதனால் புழுக்கைப் பரிசோதனை செய்யாமல் எந்தப் பாட்டிலையும் திறக்காதீர்கள்.

சரி, மருந்து ஊற்றியும் ஏன் இப்படி? மாதாமாதம் 42 ஆட்டுக்கும் ஊற்றினால், மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சும். அடுத்த தலைமுறை முழுக்க அதன் பிள்ளைகள்தான். ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அளவு குறைந்தாலும் இதே கதைதான். ஆட்டைத் தராசில் நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? 28 கிலோ ஆட்டை 20 என்று கண்ணால் மதித்து மூடியில் அளந்து ஊற்றினால், புழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அதிலும் வெள்ளாட்டின் ஈரல் பல மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும். செம்மறி அளவு இதற்குப் போதாது. அதற்காக நீங்களாகவே கூட்டவும் கூடாது, சில மருந்துகள் விஷமாகிவிடும். சினை பிடித்த முதல் மாதத்தில் ஆல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து ஆகவே ஆகாது. எடையைச் சொல்லி மருத்துவரிடம் அளவு வாங்குங்கள்.

இந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. முகாம் முகாமாகப் போய், எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றுங்கள் என்று பல வருடம் சொன்னவன் நான்.

இப்போது நான் பட்டிக்குப் போனால் முதலில் பார்ப்பது கண்ணை. மேல் இமையை விரலால் மெல்ல அழுத்தி, கீழ் இமையை இறக்குங்கள். உள்சதை மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தால் அந்த ஆட்டை விட்டுவிடுங்கள். வெளிறி, சுண்ணாம்பு போல இருந்தால் அதற்கு மட்டும் மருந்து. தென்னாப்பிரிக்காவில் ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் யோசனையில் பிறந்த நிற அட்டை இதற்கென்றே இருக்கிறது, ஃபமாச்சா என்பார்கள். 1 நல்ல சிவப்பு, 5 வெள்ளை. நாலும் ஐந்தும் கட்டாயம் மருந்துக்கு. குட்டியும் சினையாடும் மூன்றிலேயே. பட்டியில் ஐந்தில் ஒரு பங்கு ஆடுகள்தான் பெரும்பாலான புழுவைச் சுமக்கும். மற்றவற்றை விட்டுவைத்தால், மருந்துக்குச் சாகிற புழு மேய்ச்சலில் மிஞ்சியிருக்கும். நமக்கு அது வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். இரத்தம் குடிக்கும் புழுவுக்கு மட்டும்தான் இந்த அட்டை பேசும்.

கடைக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் சொல்லும் ‘ஸ்ட்ராங்’ பாதி நேரம் அதே மருந்து, வேறு லேபிள். கூடவே ஈரல் டானிக் ஒன்றும் தலையில் கட்டுவார். அந்தக் காசில் கடலைப் புண்ணாக்கு வாங்குங்கள், இரத்தம் ஊற அதுதான் உதவும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அந்த 5 சந்தை ஆடுகளைப் பற்றியது. வைரஸ் பயம் இருந்தால் அங்கே பாருங்கள். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதலில் பதிவானதே நம் விழுப்புரம் பக்கம் அரசூரில்தான், 1987இல். அந்த வைரஸிலிருந்து நம் கால்நடைப் பல்கலைக்கழகம் தடுப்பூசியும் செய்தது. ஒருமுறை போட்டால் மூன்று வருடம் தாங்கும். உங்கள் ஆடுகளுக்குப் போட்டீர்களா? கடிதத்தில் ஒரு வரி இல்லை. புது ஆட்டை 21 நாள் தனியாகக் கட்டுங்கள். மூக்கில் சளி, வாய்ப்புண், காய்ச்சல், கழிச்சல் தெரிந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சந்தை ஆடு மருந்துக்கு அடங்காத புழுவையும் கொண்டுவரும். மருந்து கொடுக்கும் முன் ஒருமுறை, கொடுத்து 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி ஒருமுறை, புழுக்கையில் புழு முட்டைக் கணக்குப் பார்த்த பிறகே சேருங்கள். முட்டை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் செத்த மருந்து.

மானுக்கும் இந்தப் புழு வரலாம்தான். ஆனால் அது கடந்து போகிற விருந்தாளி. உங்கள் 42 ஆடுகளோ தினமும் அதே நிலத்தில் புழுக்கை போடுகின்றன. வைரஸிலும் மானைக் குறை சொல்ல முடியாது. மங்கோலியாவில் 2016இல் ஆடுகளில் பரவிய ஆட்டுக்கொல்லி, அடுத்த சில மாதங்களில் சைகா மான்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. காட்டுக்கு நம்மிடமிருந்துதான் போனது. உங்கள் பக்கத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கில் வெளிமான் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

மிச்சமிருக்கும் நாலு வீங்கிய ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள், விரட்டிப் பிடிக்கவும் வேண்டாம். இரத்தம் இல்லாத ஆடு பத்தடி ஓடினாலே விழுந்து செத்துவிடும். நிழலில் கட்டி, அகத்தியும் கிளுவையும் ஒடித்துப் போடுங்கள். நாளை காலை பத்து ஆட்டின் புழுக்கையைத் தனித்தனிப் பையில் கட்டி, ஆட்டின் எண்ணை மேலே எழுதி, வெயில் ஏறுவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.