சம்பந்தி வீட்டுக்கு எப்போது போகப் போகிறீர்கள்?

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடங்களாக லண்டன் இல்ஃபோர்டில் இருக்கிறோம். ஒரே மகள், கூட வேலை பார்த்த ஆங்கிலேயப் பையனைக் கல்யாணம் செய்து நான்கு வருடம் ஆகிறது. மருமகன் தங்கமான பிள்ளை. அவருடைய ஊர் வடக்கே பார்ன்ஸ்லி. அவருடைய அப்பா பழைய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. லண்டன் என்றாலே அவருக்கு ஆகாது. "நாட்டுப் பணமெல்லாம் இங்கேதான் வந்து கொட்டுகிறது" என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டே சொல்வார். வடக்கத்தி ஆட்கள் எப்போதும் குறைதான் பாடுவார்கள் என்று என் அலுவலகத்திலும் சொல்கிறார்கள். கையும் கெட்டி. கல்யாணம், தைப்பொங்கல், பேரனின் முப்பத்தோராம் நாள், எதற்கானாலும் மலிவான தொலைதூர பஸ்ஸான கோச்சில்தான் வந்து இறங்குவார்கள். இப்போது மகள் பார்ன்ஸ்லியில் வீடு வாங்கப் போகிறேன் என்கிறாள். நாங்கள் அந்த ஊரைப் பார்த்ததுகூட இல்லை. அங்கே என்ன எதிர்காலம் இருக்கிறது? நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள்.
- வாசகி, இல்ஃபோர்ட்

பதில்: உங்கள் மகளிடம் நான் எதுவும் எடுத்துச் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியது உங்களிடம்தான் இருக்கிறது.

கோச்சில் வந்து இறங்குவார்கள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். பார்ன்ஸ்லியிலிருந்து லண்டன் விக்டோரியா நிலையத்துக்குக் கோச்சில் வர நான்கைந்து மணி நேரம் பிடிக்கும். அங்கிருந்து பையைத் தூக்கிக்கொண்டு இல்ஃபோர்டுக்கு வர வேண்டும். கல்யாணத்துக்கு வந்தார்கள், சரி. அவர்களுக்குப் பழக்கமே இல்லாத பொங்கலுக்கும் முப்பத்தொன்றுக்கும் ஏன் வந்தார்கள்? உறவு என்று நினைத்ததால் வந்தார்கள். லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறினால் டான்காஸ்டருக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. பார்ன்ஸ்லி அதற்குப் பக்கத்து ஊர். நான்கு வருடத்தில் நீங்கள் ஒரு தடவை ஏறவில்லை. பெண் கொடுத்த வீட்டில் இன்னும் கை நனைக்காத நீங்கள், உங்கள் வீட்டுக்கு வந்தவர்களின் டிக்கெட் விலையைக் கணக்குப் பார்க்கிறீர்கள். இதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள்தான்.

அப்புறம் அந்தக் 'குறைப்பாட்டு'. 1984 மார்ச்சில், பார்ன்ஸ்லியிலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள கார்ட்டன்வுட் சுரங்கத்தை மூடப் போவதாகச் சொன்னதும் அந்த ஊர்கள் இருக்கும் யார்க்‌ஷயரில் வேலைநிறுத்தம் பற்றிக்கொண்டது. 1985 மார்ச் வரை, முழுதாக ஒரு வருடம், சம்பளம் இல்லை. தொழிற்சங்கம் தொழிலாளர்களுக்கு வேலைநிறுத்தப் படி எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் கொடுத்ததாக வைத்துக்கொண்டு, குடும்பத்துக்கு வர வேண்டிய உதவித்தொகையில் வாரம் 15 பவுண்டை அரசு பிடித்தது. பார்ன்ஸ்லிப் பெண்கள் பொதுச் சமையலறை வைத்து ஊருக்கே சோறு போட்டார்கள். அந்த வருடத்தைத் தாண்டி வந்த குடும்பம் பத்துப் பவுண்டை எண்ணித்தான் செலவழிக்கும். அதற்குக் கையிறுக்கம் என்று பெயர் வைக்காதீர்கள்.

பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. யார்க்‌ஷயரில் கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடியபோது நாட்டிலேயே ஆழ்நிலக்கரிச் சுரங்கம் என்று எதுவும் மிச்சமில்லை. வேலை போனது, வேலை தேடிப் பிள்ளைகளும் தெற்கே போனார்கள். அப்படி வந்தவர்தான் உங்கள் மருமகன். வளர்த்துப் படிக்கவைத்தது பார்ன்ஸ்லி, உழைப்பை வாங்கிக்கொள்வது லண்டன்.

உங்கள் வீட்டுப் பக்கம் ஓடும் எலிசபெத் லைன் ரயில் பாதை 2022இல் திறந்தது. சுமார் 1,900 கோடி பவுண்ட் செலவு. வடக்கே, பஸ் கூட்டை ரயில் சக்கரத்தில் ஏற்றிச் செய்த பெட்டிகள் 2020 வரை ஓடின. லீட்ஸ் அவ்வளவு பெரிய நகரம், இன்றைக்கும் அங்கே டிராமும் கிடையாது, மெட்ரோவும் கிடையாது. அந்த ஊருக்கு வருவதாக இருந்த அதிவேக ரயில் பாதையை 2021இல் வெட்டினார்கள். மான்செஸ்டர் பாதையையாவது போடுவார்கள் என்று பார்த்தால், 2023இல் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் மான்செஸ்டர் மேடையிலேயே நின்று அதையும் ரத்து செய்தார். இதையெல்லாம் கோச்சில் வருகிறவர் பேசாமல் வேறு யார் பேசுவது?

உங்கள் சம்பந்தி சொல்வது எல்லாமே சரி என்று நான் சொல்ல மாட்டேன். லண்டனில் இருப்பவன் எல்லாம் பணக்காரன் இல்லை. வாடகை கட்டியபின் கையில் ஒன்றும் நிற்காத குடும்பங்கள் உங்களைச் சுற்றியே இருக்கின்றன. கிழக்கு லண்டன் டவர் ஹாம்லெட்ஸில் இருக்கும் குழந்தை வறுமை இந்த நாட்டின் மிக மோசமான கணக்குகளில் ஒன்று. இதை அவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சொல்லுங்கள், அப்போதுதான் அது உறவுக்காரர் பேச்சாக இருக்கும்.

உங்கள் அலுவலகத்து ஆட்களை எனக்குச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். தெற்கத்தியர் வடக்கத்தியரைப் பட்டிக்காடு என்பதும், வடக்கத்தியர் தெற்கத்தியரைப் பகட்டுக்காரர் என்பதும் அவர்களுக்குள் பல தலைமுறையாக நடக்கிற சண்டை. ஊரை விட்டு வந்து, அந்நியப் பார்வையைத் தாங்கிக் குடும்பத்தை நிமிர்த்தியவர் நீங்கள். அதே பார்வையை மருமகனைப் பெற்றவர்கள் மேல் திருப்ப உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். லண்டனில் சராசரி வீடு ஒன்றின் விலைக்கு பார்ன்ஸ்லியில் ஏறக்குறைய மூன்று வாங்கலாம். சம்பளம் குறையலாம், அதை மகளும் மருமகனும் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பேரனுக்கு ஒரு தோட்டமும் இன்னொரு தாத்தா பாட்டியும் பக்கத்தில் கிடைப்பார்கள். பேரனை விட்டுப் பிரிய முடியவில்லை என்று எழுதியிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் வருந்தியிருப்பேன். நீங்கள் அப்படி எழுதவில்லை, ஊரைக் குறை சொல்லி எழுதினீர்கள்.

இந்த மாதமே நீங்களும் உங்கள் கணவரும் போய் வாருங்கள். ஹோட்டலில் அறை எடுக்காதீர்கள், அவர்கள் வீட்டில் இரண்டு இரவு தங்குங்கள். கையோடு பலகாரம் செய்து எடுத்துப் போங்கள். மாலை ஐந்தரைக்குச் சாப்பாடு வைத்தால் ஐந்தரைக்கு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவர் வேலை செய்த சுரங்கம் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லி, அந்த ஒரு வருடம் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று சம்பந்தியம்மாவிடம் கேளுங்கள். அதுவரை மகளிடம் வீட்டுப் பேச்சை எடுக்காதீர்கள்.